சாப்ட்டியா என்று கேட்ட புது நம்பர்

என் மகன் பெங்களூரில் வங்கிகளுக்குக் காவல் காக்கிறான். தொப்பியும் துப்பாக்கியுமாக வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருகிற காவல் இல்லை. கம்ப்யூட்டர் வழியாகக் கொள்ளையடிக்க வருகிறவர்களை வழியிலேயே மடக்குகிற வேலை. கரமனையில், மலையாளத்துக்கு நடுவே இருக்கும் எங்கள் தமிழ்த் தெருவில் யாராவது விசாரித்தால் "பாங்க்ல செக்யூரிட்டி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். இத்தனை படிக்க வைத்தும் இப்படியா என்று, கேட்டவர் முகத்தில் ஒரு அனுதாபம் வந்து போகும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அந்த மகனுக்கும் எனக்கும் நடுவே, கொஞ்ச காலமாக, ஓடிபி ஒன்றுதான் போக்குவரத்து. பணம் கட்டும்போது வங்கி அனுப்புமே, ஆறு இலக்க எண், சில நிமிடத்தில் செல்லாமல் போய்விடுவது, அதுதான். இதைக் குறையாகச் சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். குறையாகத்தான் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் தொடக்கம் எங்கள் தெருக்கோடி வீட்டு மாமா. பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு நாள் அவருக்கு ஒரு வீடியோ அழைப்பு வந்தது. திரையில் போலீஸ் உடுப்பில் ஒருவன். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைமருந்து இருக்கிறது, இந்த நிமிடம் முதல் நீங்கள் கைதி, அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்றான். மாமா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். மாமி கதவைத் தட்டிக் காபி வேணுமா என்று கேட்டதற்கு, "நான் அரெஸ்ட்ல இருக்கேன், தொந்தரவு பண்ணாதே" என்றாராம். வெளியே வந்தபோது டெபாசிட் எல்லாம் துடைத்துக்கொண்டு போயிருந்தது. தெரு முதலில் சிரித்தது. பிறகு அவர் ஆற்றங்கரைப் பக்கம் காலையில் நடக்க வருவதையே விட்டுவிட்டார் என்று தெரிந்ததும் யாரும் சிரிக்கவில்லை.

இதைக் கேள்விப்பட்டு என் மகன் அடித்துப்பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தான். என்னை வங்கிக்கு அழைத்துப்போய், என் கணக்கில் இருந்த என் ஃபோன் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டான். "இனிமே ஓடிபி எல்லாம் எனக்குத்தான் வரும். நான் உனக்கு அனுப்பறேன். எவன் கேட்டாலும் உங்கிட்ட இருக்காது, அல்லே? இல்லாததை எப்படிக் குடுப்பே?" என்றான். நியாயமாகத்தான் இருந்தது. அன்று சாயங்கால ரயிலிலேயே திரும்பிப் போய்விட்டான். அவனுக்காக அரைத்து வைத்திருந்த அடை மாவை இரண்டு நாள் நானே தின்று தீர்த்தேன்.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு முறை ஏற்பட்டது. நான் சாப்பாட்டு மேஜையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு கரண்ட் பில்லைக் கடைசிப் பக்கம்வரை கொண்டுபோய் நிறுத்துவேன். அவன் ஃபோனுக்கு வங்கியிலிருந்து எண் போகும். நான் கேட்பதற்கு முன்னாலேயே அந்த ஆறு எண்ணும் என் ஃபோனுக்கு வந்துவிடும். அம்மா என்று இருக்காது. இந்தா என்றுகூட இருக்காது. எண் மட்டும்தான் இருக்கும்.

நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டான். "மீட்டிங்" என்று ஒரு சொல் வரும். ஓடிபிக்கு மட்டும் எந்த மீட்டிங்கும் தடையில்லை, ஏனென்றால் அதற்குக் கெடு உண்டு. நானும் சில நிமிடத்தில் காலாவதியாகிற சாமானாக இருந்தால் எனக்கும் உடனே பதில் கிடைத்திருக்கும்.

முன்பெல்லாம் எல்லா பில்லையும் ஒரே இருப்பில் கட்டி முடித்துவிடுவேன். பிறகு அப்படிச் செய்வதை விட்டேன். கரண்டை ஒரு நாள் கட்டினேன், தண்ணீரை ஒரு நாள், கேஸை ஒரு நாள். பேப்பர் போடுகிறவர் பாவம், கையில் கொடுத்தால் போதும் என்றார். நான்தான் ஆன்லைனில் அனுப்புவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பழவங்காடிக் கணபதிக்குத் தேங்காய் உடைப்பதையும் இந்த வழியில் செய்யலாம் என்றால் தினம் ஒன்று உடைத்திருப்பேன். இதெல்லாம் என் பிள்ளைக்குத் தெரியாது. என் அம்மா ரொம்ப ஒழுங்காக பில் கட்டுகிறாள் என்று நினைத்திருப்பான்.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட பஸ்ஸை விட்டு இறங்கினால் வாய் மூடாது. பஸ் படியில் மலையாளத்தில் தொடங்கிய கதை வீட்டு வாசலில் தமிழாகும். கை கழுவும்போது, தட்டு போடும்போது, மோர் சாதம் பிசையும்போதெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். "கொஞ்சம் மூச்சு விட்டுக்கோடா" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவன் அப்பா இருந்தவரை வீட்டில் அந்தத் தமிழ் இருந்தது. அவரும் போன பிறகு, கடையில் மலையாளம், பஸ்ஸில் மலையாளம், டாக்டரிடம் மலையாளம். எனக்கு மலையாளம் நன்றாக வரும், அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் அதில்தான் ஃபைல் எழுதினேன். ஆனால் சாப்ட்டியா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். யார் கேட்டாலும் போதாது, அவன் கேட்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பலாவை இங்கே சக்கை என்போம், அந்தச் சக்கை சீசன் தொடங்கிய சமயம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் ஒரு மெசேஜ். தெரியாத நம்பர். ஆங்கில எழுத்தில் தமிழ்.

"அம்மா, என் போன் தண்ணில விழுந்து போச்சு. இது புது நம்பர். மைக் சரியில்ல, பேச முடியாது, டைப்தான் பண்ண முடியும்."

கையைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் அடுத்தது வந்தது. "சாப்ட்டியா?"

புது நம்பரிலிருந்து நான்தான் என்று எவன் சொல்லிக்கொண்டு வந்தாலும் நம்பாதே, குரலைக் கேள் என்று என் மகன் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். எனக்கு அது மறக்கவில்லை. நினைவுக்கு வந்தது, அதை நான் ஓரமாக வைத்துவிட்டேன். மைக் போய்விட்டது என்கிறானே, பிறகு குரலுக்கு எங்கே போவது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உள்ளதைச் சொன்னால், அந்தக் கேள்விக்கு பதில் சொல்லும் ஆசை வேறு எதையும் யோசிக்க விடவில்லை.

"இன்னும் இல்லை" என்று போட்டேன். "என்ன சமையல்?" என்று வந்தது. தேங்காய் அரைத்துவிட்ட சக்கை எரிசேரி என்றேன். "ஐயோ, எனக்கும் வேணும் போல இருக்கு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கால் வலி எப்படி இருக்கு?" என்றான்.

என் வயசில் எந்த அம்மாவுக்குத்தான் கால் வலி இல்லை? எந்த அம்மாதான் சமைக்கவில்லை? இதெல்லாம் பிறகு தோன்றியது. அப்போது தோன்றியது ஒன்றுதான்: என் காலை நினைவு வைத்திருக்கிறானே.

நான் கொட்டிவிட்டேன். முட்டி வலது பக்கம் மோசம் என்றேன். சக்கை பின் தெரு வீட்டு மரத்தில் காய்த்தது, அந்த வீட்டுச் சேச்சி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள் என்றேன். ஆற்றில் தண்ணீர் கலங்கி ஏறியிருக்கிறது, தெருவில் பாதி வீடு வாடகைக்குப் போய்விட்டது, சாயங்காலமானால் தமிழ்ச் சத்தமே கேட்பதில்லை என்றேன். அவன் அப்பாவின் சட்டைகளை எல்லாம் கொடுத்துவிட்டேன், நீலக்கட்டம் போட்டதை மட்டும் கதவுக்குப் பின்னால் மாட்டியே வைத்திருக்கிறேன், துவைக்கவில்லை என்றும் எழுதினேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மறுமுனையில், "அழாதே அம்மா" என்று வந்தது. நான் அழுவதாக எழுதவே இல்லை. ஆனால் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது பீரோவிலிருந்து நல்ல புடவை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அடுத்த வீட்டு மாமி மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன விசேஷம்? ஆத்துக்கு யாராவது வராளா?"

"ஒண்ணும் இல்லை மாமி, சும்மா."

"சும்மாவுக்கா பட்டு?"

நான் சிரித்தேன். எனக்கே என் சிரிப்பு புதிதாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் வரை பேச்சு தொடர்ந்தது. எழுந்தாயா, காபி ஆச்சா, மழையா அங்கே. மீதி எரிசேரியைச் சுடவைத்துக்கொண்டிருக்கும்போதுதான், "அம்மா, ஒரு அவசரம்" என்று வந்தது. புது ஃபோனில் அவனுடைய வங்கி ஆப் திறக்கவில்லையாம். வீட்டு அட்வான்ஸ் இன்றைக்குக் கட்டியாக வேண்டுமாம். வீட்டுக்காரருடையது என்று ஒரு கணக்கு எண் அனுப்பினான். சாயங்காலம் திருப்பித் தருகிறேன் என்றான்.

எனக்கு சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது. வங்கிகளையே காக்கிற பிள்ளை, என்னிடம் வந்து கேட்கிறான். அடுப்பை அணைத்துவிட்டு டேப்லெட் முன்னால் உட்கார்ந்தேன். கணக்கு எண்ணைச் சரிபார்த்துச் சரிபார்த்துப் போட்டேன். கடைசிப் பக்கம் வந்தது. ஓடிபியைப் போடு என்று கட்டம் திறந்து நின்றது.

அப்போதுதான் ஒரு குழப்பம். ஓடிபி அவன் பழைய நம்பருக்கல்லவா போகும்? அந்த ஃபோன்தான் தண்ணீரில் விழுந்துவிட்டதே. இந்தப் பக்கம் புது நம்பரில், "அம்மா, ஓடிபி வந்துதா? வந்ததும் போடு" என்று வந்தது. அது உனக்குத்தானேடா வரும், மறந்துபோச்சா என்று அடிக்கத் தொடங்கினேன்.

பாதி அடித்திருப்பேன். பழைய நம்பரிலிருந்து ஆறு எண்கள் வந்து விழுந்தன.

அம்மா இல்லை. இந்தா இல்லை. எண் மட்டும். தண்ணீரில் விழுந்த ஃபோன், எப்போதும்போல, நான் கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்லிவிட்டது.

எனக்கு அப்போது இரண்டு மகன்கள் இருந்தார்கள். ஒருவன் சாப்ட்டியா என்று கேட்டான், கால் வலியை விசாரித்தான், எரிசேரிக்கு ஆசைப்பட்டான், அழாதே என்றான். இன்னொருவன் ஆறு எண்ணை எறிந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். இதில் எவன் நான் பெற்றவன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எண்ணை எறிந்தவன்தான்.

எழுந்து ஃபோனைத் தூக்கி எறிந்திருக்கலாம், போலீசைக் கூப்பிட்டிருக்கலாம். நான் உட்கார்ந்தே இருந்தேன். எண் கையில் இருக்கிறது. திரையில் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. பணம் போகப்போகிறதே என்று பதறவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. எண்ணைப் போடாவிட்டால் எரிசேரி கேட்ட பிள்ளை போய்விடுவான். போட்டாலும் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். எப்படியும் போகிறவன்தான் என்று மூளைக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், அந்தத் திருட்டுப் பயலை விட எனக்கு மனசில்லை.

"அம்மா?" என்றான். "அம்மா, இருக்கியா?" என்றான். "சீக்கிரம்" என்றான்.

கட்டம் தானாக மூடிக்கொண்டது. நேரம் முடிந்தது, மறுபடி முயலவும் என்று வங்கி சொன்னது. நான் மறுபடி முயலவில்லை. புது நம்பருக்கு ஒன்று மட்டும் அனுப்பினேன்: "நான் சாப்பிடப் போறேன். நீ சாப்ட்டியா?"

படித்துவிட்டான் என்று அடையாளம் வந்தது. எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. அதற்குப் பிறகு அந்த நம்பரிலிருந்து ஒன்றும் வரவில்லை.

என் மகனை விடாமல் கூப்பிட்டேன். மீட்டிங் என்று வந்தது, மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவை அவனே கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னதும் அவன் குரல் மாறியது.

"நான் அனுப்பினேனா? எவ்வளவு ரூபாய், யாருக்குன்னு பாங்க் மெசேஜ்லயே போட்டிருக்குமே அம்மா. நான் படிக்காமலே அனுப்பிட்டேன்." பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னான்: "நாள் பூரா ஊருக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன்."

"போகலை, விடுடா."

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"சும்மா, ஒரு சம்சயம்."

"இல்லை, சொல்லு. ஆபீஸ்ல கேப்பா. எந்த இடத்துல சம்சயம் வந்துது?"

எந்த இடம் என்று சொல்வது?  புகார் கொடுக்க வேண்டும், முழுப் பேச்சையும் படம் பிடித்து அனுப்பு என்றான். அப்போதைய அவசரத்தில் நான் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் பிடித்து அனுப்பிவிட்டேன். அனுப்பி முடித்த பிறகுதான் அதில் என்னென்ன இருக்கிறது என்று உறைத்தது. முட்டி இருந்தது, கலங்கிய ஆற்றுத் தண்ணீர் இருந்தது, கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் நீலக்கட்டச் சட்டை இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் கூப்பிட்டான். பில் எதுவும் இல்லை, ஆனாலும் கூப்பிட்டான். புகார் கொடுத்தாயிற்று என்றான். பிறகு, "இதெல்லாம் நீ எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா" என்றான்.

"நீ கேட்டதே இல்லையேடா."

கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.  பின்னால் கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டு சத்தம் நின்றது.

கடைசியில் அவன் எனக்கு ஒரே ஒரு விதியைப் போட்டான். "இனிமே வழக்கத்துல இல்லாத மாதிரி எந்த மெசேஜ் வந்தாலும், என் நம்பர்லேர்ந்தே வந்தாலும், பதில் போடாதே. கூப்பிட்டு என் குரலைக் கேட்டுட்டு அப்புறம் போடு. கேட்டியா?" சரி என்றேன். ஓடிபிக்கு வேறு ஏற்பாடு செய்கிறேன், கைரேகை வைத்தால் போதும், என் உதவியே வேண்டாம் என்றான். அதை மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். எனக்கு இதுவே பழகிவிட்டது என்றேன்.

அடுத்த கரண்ட் பில் வந்தது. மேஜையில் உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை போனேன். இந்தத் தடவை எண் வரக் கொஞ்சம் நேரமானது. படித்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு எண்ணும் வந்தன. நான் போடப்போகும்போது, கீழே எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"சாப்ட்டியாம்மா?"

விரல் பதிலுக்குப் போய்விட்டது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன். வழக்கத்தில் இல்லாத மெசேஜ். கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மீட்டிங் என்றுகூட வரவில்லை. டேப்லெட்டில் ஓடிபிக் கட்டம் மூடிக்கொண்டது. கரண்ட் பில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, அடுக்களையில் மூடி வைத்திருந்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வி திரையில் அப்படியே நின்றது. பசித்தது. சாப்பிடவும் மனசில்லை.

வெயில் சாயும் நேரத்துக்குக் கூப்பிட்டான்.

"என்னம்மா, கூப்பிட்டியே? பில் போகலையா?"

"பில் இல்லை. அது நீதானான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"எது?"

"சாப்ட்டியான்னு கேட்டது."

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம். 

"நான்தாம்மா" என்றான்.

"இன்னும் இல்லைடா" என்றேன். "என்ன சமையல்னு கேளு."